கமாக் கொப்பி

இந்தக் காலத்துச் சனத்துக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லை. முந்தி ஒருவன் இன்னொருவனை ஏமாற்ற வேண்டுமானால் எதிரே உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்து, கண்ணுக்குள்ளே பார்த்து ஏமாற்ற வேண்டும். அகப்பட்டால் அடி விழும். இப்போது ஒரு தாளும் ஒரு பேனையும் போதும். எழுதினவன் வீட்டில் படுத்துக் கிடப்பான். அவன் எழுதின தாள் அரசாங்கக் கச்சேரிக்குப் போய் அவனுக்காகப் பொய் சொல்லும். அதிலும் இங்கிலீசில் எழுதிவிட்டால், யாரை ஏசியிருக்கிறான், யாருடைய காணியைக் கேட்டிருக்கிறான் என்பது காணிக்காரனுக்கே தெரியாது.

இதை நினைத்துக்கொண்டுதான் உசனார் அந்தச் சனிக்கிழமை காலை காத்தான்குடியிலிருந்து பட்டணத்துக்கு நடந்தார். மடியில் எழுதுகிற கொப்பி ஒன்று. மருமகன் அப்துல் கபூருடைய கொப்பி.

பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை. பஸ்காரனையும் அவர் நம்புவதில்லை.

கபூர் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வெறுங்கையோடு வந்து பெண் வீட்டில் ஏறுவான். பெண்ணைப் பெற்றவன், தான் கட்டின வீட்டை மகள் பேரில் எழுதிவிட்டுப் பின்பக்கம் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கி அதற்குள் படுத்துக்கொள்வான். உசனாரும் அப்படித்தான் செய்தார். வண்டி வண்டியாகக் கல் ஏற்றி, சுண்ணாம்பைத் தன் காலால் மிதித்து அவர் கட்டின வீட்டின் முன்னறையில் கபூர் படுக்கிறான். அவர் பத்தியில் படுக்கிறார்.

கச்சேரியின் நெற்களஞ்சியத்தில் கிளாக்கர் வேலை ஒன்று காலியாக இருந்தது. திங்கட்கிழமை அதற்கு இங்கிலீசுச் சோதனை. போன வருடமும் கபூர் எழுதித் தவறினான். கடிதம் எழுதச் சொன்னார்களாம். எழுதினானாம். பிழை சொல்ல முடியாத இங்கிலீசுதானாம், ஆனால் கமாவெல்லாம் கடுகு வெடித்துச் சிதறின மாதிரிக் கண்ட இடத்தில் கிடந்ததாம். அதனால் இந்த முறை பட்டணத்தில் பேசில் மாஸ்டர் என்ற பறங்கியரிடம் போய்க் கமாப் போடப் படித்தான். முழு ஆண்பிள்ளை, வாரத்தில் இரண்டு நாள், வால் முளைத்த ஒரு புள்ளியை எங்கே வைப்பது என்று படிக்கப் போனான்.

அது எப்படியோ போகட்டும். களஞ்சியத்துப் பூட்டுத் திறப்பை ஒருவன் கையில் கொடுப்பதானால் அவனுக்காகச் சொத்துள்ள ஆள் ஒருவர் பிணை நிற்க வேண்டும். மகள் சித்தி நபீஸா, ஐந்து மாதப் புள்ளத்தாச்சி, மூன்று நாள் சோற்றைத் தள்ளி வைத்தாள். நாலாம் நாள் உசனார் மண்முனைத் துறைக்கு அப்பாலுள்ள தன் வயலை, தன் கையால் காடு வெட்டின வட்டையை, பிணையாக வைத்துப் பெருவிரல் பதித்துக் கொடுத்தார். அந்தத் தாள் ஊர் அதிகாரியான விதானையார் வீட்டில் இருந்தது. திங்கட்கிழமை விதானையார் அதைக் கச்சேரிக்குக் கொண்டுபோவார். பிணைத்தாள் இல்லாமல் சோதனையில் தேறினாலும் வேலை இல்லை.

விரல் பதித்த மறுநாள்தான் அவர் அதைக் கேட்டார். கபூர் முன்னறையில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். கொளகொளவென்று ஓடின இங்கிலீசுக்கு நடுவில் ‘உசனார்’ என்றான். கொஞ்சம் ஓடி, மறுபடியும் ‘உசனார்’.

உசனார் அறிந்தவரையில் இங்கிலீசு எழுதப்படுவது இரண்டு காரியத்துக்கு. ஒன்று மேலிடத்துக்குப் போகிற பெட்டிசம், மற்றது காணி உறுதி. இரண்டிலும் ஒருவன் பேர் ஏறினால் அவன் சொத்து இறங்கும்.

நேற்று கபூர் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து மெத்தைக்கடியிலிருந்து கொப்பியை எடுத்துவிட்டார். யாரிடம் கொடுத்து வாசிப்பது? கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுகிறவனிடம் கொடுத்தால் மாலைக்குள் ஊருக்கே தெரியும். கடைசியில் அந்தப் பேசிலிடமே போவது என்று தீர்த்தார். தன்னை அவன் கண்டதில்லை. ஆளைத் தெரியாதவனுக்குப் பொய் சொல்ல அவசியம் இல்லை.

கல்லடிப் பாலம் ஏறும்போது இருமல் வந்தது. நின்று இருமித் துப்பிவிட்டு நடந்தார்.

பேசில் மாஸ்டரின் வீடு வாவிக்கரையில் ஓட்டு வீடு. பெனியனும் காற்சட்டையுமாக விறாந்தையில் இருந்தார். காதில் ஒரு சிவப்புப் பென்சில். உள்ளே அவர் பெண்சாதி ஐறிஸ் தையல் மெசின் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆரு?”

“காத்தான்குடி. பேர் ஆதம்பாவா. கபூர் தம்பி இந்தக் கொப்பியத் தந்து விட்டாரு. திங்கக்கிழம சோதினையாம். சரியா எண்டு பாத்து விடட்டாம்.”

“ஏன், அவனுக்குக் கால் இல்லையா?”

“காச்சல்.”

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இரிங்க,” என்று பேசில் வாங்கைக் காட்டிவிட்டுக் கொப்பியைப் பிரித்தார். உதடு அசைந்தது. தலை ஆடியது. “இந்தப் பொடியன் முதல்ல வரக்குள்ள என்ன செய்தான் தெரியுமா? ரெண்டு முழு வசனத்த ஒரு கமாவால கட்டிக்கொண்டு வந்தான். ரெண்டு கடாவ ஒரு தையல் நூலில கட்டின மாதிரி. புத்தகத்தில உள்ள வசனம் இவனுக்கு ஏறல்ல. அதில பனி கொட்டுது, ஜோன் மாமா ரயிலில வாறாரு. இவன் பனியக் கண்டானா? உன்ட வீட்டில இரிக்கிறத எழுது, உனக்குத் தெரிஞ்ச ஆள எழுது, கமா தானா வந்து நிக்கும் எண்டன். அண்டைக்குத் தொடங்கினது, பாருங்க.”

“என்ன எழுதியிருக்காரு?”

“ஒங்களுக்கு என்னத்துக்கு?”

“தெரிஞ்ச பொடியன். இங்கிலீசில என்ன பேசுறான் எண்டு கேக்க ஆசதான்.”

பேசிலுக்கு யாராவது கேட்டால் போதும். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். முதலில் இங்கிலீசில் வாசித்தார், பிறகு தமிழில்.

“‘என்ட மாமா உசனார், கையெழுத்து வைக்கத் தெரியாத மனிசன், ஊரில ஒருத்தரையும் நம்பமாட்டாரு.’ பாருங்க. ‘கையெழுத்து வைக்கத் தெரியாத மனிசன்’ எண்டது நடுவில செருகின பேச்சு. எடுத்தாலும் வசனம் நிக்கும். அதால முன்னால ஒரு கமா, பின்னால ஒரு கமா. சனம் கமா எண்டா மூச்சு விடுற இடம் எண்டு நெனச்சிட்டிருக்கு. அப்பிடிப் போட்டா இழுப்புக்காரன் எழுதினதெல்லாம் கமாதான். கமா எண்டா வேலி. ஒரு பக்கம் போட்டு மத்தப் பக்கம் விட்டா மாடு பூந்திடும். இவன் ரெண்டு பக்கமும் அடைச்சிட்டான்.”

சிவப்புப் பென்சில் ஒரு சரி போட்டது.

“இதில உசனார் எண்டது எது?” என்று கேட்டார் உசனார்.

பேசில் நகத்தால் தொட்டுக் காட்டினார். உசனார் குனிந்து பார்த்தார். தன் பேரை இங்கிலீசில் அவர் கண்டது அதுதான் முதல் தடவை. அதன் காலடியில் அந்தப் புள்ளி, நுளம்புப் புழு மாதிரி வளைந்து கிடந்தது.

“மறுகா? வாசிங்க.”

“‘உசனார் தேங்காய எண்ணுவாரு, கோழிய எண்ணுவாரு, தீக்குச்சிய எண்ணுவாரு, நான் தின்ற கவளத்தையும் எண்ணுவாரு.’ இது அடுக்கு. அடுக்கில ஒவ்வொண்டுக்கும் இடையில கமா. கவளத்தக் கொண்டுபோய்க் கடைசியில வெச்சிருக்கான் பாருங்க, கள்ளன்.”

பேசில் வயிறு குலுங்கச் சிரித்தார். உசனாரும் சிரித்தார். சிரிக்காவிட்டால் ஆதம்பாவாவாக இருக்க முடியாது.

“‘மாமா, வெளியில போய் இருமுங்க.’ ஆளக் கூப்பிட்டா, கூப்பிட்டதுக்குப் பின்னால கமா. சரி.”

உசனாருக்கு அந்த நேரம் பார்த்துத் தொண்டை அரித்தது. விழுங்கினார். மறுபடி விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே மெசின் சத்தம் நின்றது. ஐறிஸ் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவருடைய பெருவிரல் நகக்கண்ணில் கறுப்பு மை இன்னும் இருந்தது. அதையும் பார்த்தாள்.

“‘கிழவன் மௌத்தானா, பத்தியப் புடுங்கிப்போட்டு மாட்டுக் கொட்டில் போடுவம்.’” பேசில் கொப்பியைத் தட்டினார். “இது நல்ல வசனம். முதல் பாதி தனிய நிக்காது, மத்தப் பாதியில சாஞ்சு நிக்குது. சாயிற பாதி முன்னால வந்தா, அது முடியிற இடத்தில கமா. போன வருசம் இந்த இடத்திலதான் விழுந்தான்.”

“பேசில், போதும்,” என்றாள் ஐறிஸ்.

“என்ன போதும்? இன்னும் ஒண்டுதான் கிடக்கு.”

“அவருக்குத் தேத்தண்ணி குடுப்பம். அத மூடி வை.”

“வாசிங்க மாஸ்டர்,” என்றார் உசனார்.

“‘உசனார் டாக்குத்தர நம்பாததால, என்ட மாமி, ஏழு நாள் காச்சலில கிடந்தவ, எட்டாம் நாள் மௌத்தாப் போனா.’ மூணு கமா. மூணும் தன்ட தன்ட இடத்தில. நான் எழுதினாலும் இதவிட நல்லா எழுத ஏலாது.” பேசில் பக்கத்தின் அடியில் நூற்றுக்கு நூறு என்று போட்டு, அதைச் சுற்றி வட்டம் இழுத்தார். “பயமில்ல எண்டு போய்ச் சொல்லுங்க. அது சரி, அந்த உசனார நீங்க கண்டிருப்பீங்களே. மெய்யா அப்பிடியான ஆளா?”

“ஓம்,” என்றார் உசனார். “கெட்ட ஆள்.”

தேத்தண்ணி வந்தது. அவர் தொடவில்லை. கொப்பியை மடியில் செருகிக்கொண்டு இறங்கினார். ஐறிஸ் கேற்றடி வரைக்கும் வந்தாள்.

“ஐயா, அது கமாவுக்கு எழுதினது. மனசில வெக்காதீங்க.”

“ஓம் நோனா. கமாவுக்கு எழுதினதுதான்.”

பாலத்தில் ஏறின பிறகுதான் இருமினார். கைபிடி இரும்பைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

பெட்டிசம் இல்லை. காணி கேட்கவில்லை. வட்டையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதுதான் அவரைப் போட்டு அரைத்தது. காணியைக் கேட்டிருந்தால் எப்படிச் சண்டை பிடிப்பது என்று அவருக்குத் தெரியும். இதற்கு எந்தக் கந்தோருக்குப் போவது? பறங்கி ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டி வாசித்திருப்பானோ என்றும் நினைத்தார். ஆனால் ஏழு நாள் காய்ச்சல் பறங்கிக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பை நிறுத்திவிட்டு நடையைக் கூட்டினார்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே விதானையாரின் படலையைத் திறந்தார்.

“அந்தத் தாளத் தாங்க.”

“எந்தத் தாள், உசனார் போடியார்?”

“நான் விரல் வெச்ச தாள்.”

விதானையார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அது கச்சேரிக்குப் போற தாள்.”

“விரல் என்ட விரல். வெச்ச விரல எடுக்கிறன்.”

“மருமகனுக்குத் தெரியுமா?”

“தெரியவரும்.”

“இண்டைக்குச் சனி. திங்கக்கிழம வெள்ளன நான் போகணும். அதுக்குள்ள வேற பிணைக்கு அவர் எங்க போவாரு?”

“அதுக்குத்தான் இண்டைக்கு வந்த.”

“என்ன செய்தான் அந்தப் பொடியன்?”

“கமாப் போட்டான்,” என்றார் உசனார்.

விதானையாருக்கு விளங்கவில்லை. ஏதோ கெட்ட காரியம் என்று எண்ணிக்கொண்டார். மேலே கேட்பது மரியாதை இல்லை என்று மேசை லாச்சியை இழுத்துத் தாளை எடுத்துக் கொடுத்தார். உசனார் அதை நெடுக்காக ஒருதரம் கிழித்தார். குறுக்காக ஒருதரம் கிழித்தார். துண்டுகளைப் போட்டுவிட்டு வரவில்லை, மடியில் கட்டிக்கொண்டார்.

லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். கபூர் முன்னறை மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். குசினியில் மீன் பொரிகிற சத்தம். உசனார் கொப்பியை அவன் முன்னால் போட்டார். மைக்கூடு ஆடி நின்றது.

“வாசி.”

கபூர் கொப்பியைப் பார்த்தான். பிறகு மெத்தையைப் பார்த்தான். “மாமா, இது…”

“இங்கிலீசில வேணாம். தமிழில வாசி. பொண்டாட்டிக்கும் கேக்கட்டும்.”

“அது பழகுறதுக்கு எழுதினது மாமா. கமாவுக்கு. ஒண்டையும் நெனச்சு எழுதல்ல.”

“நெனக்காம எழுதினதுக்கா பறங்கி நூத்துக்கு நூறு போட்டிருக்கான்?”

“மாஸ்டர்ட்டயா போனீங்க?”

“மாட்டுக் கொட்டில் எப்ப போடுற? அளவு எடுத்திட்டயா? மௌத்தாக முந்தி நானே கம்பு வெட்டி வெச்சிட்டுப் போகட்டா?”

கபூர் எழுந்து நின்றான். கதிரையை விட்டு ஒதுங்கினான். அதைக் கண்டதும் உசனாருக்குக் காலையிலிருந்து நெஞ்சில் கட்டிக் கிடந்தது இளகியது. கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் அந்தக் கதிரையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“உன்ட வாப்பா என்ன செய்தான்? துறையில தோணி தள்ளினான். சனத்தக் கரை ஏத்திட்டு அவன் சேத்தில நிண்டான். அந்தச் சேத்திலருந்து உன்னத் தூக்கி இந்தக் கதிரையில இருத்தினது ஆரு? ஒரு கவளத்த எண்ணினனாம். ரெண்டு வருசமாத் தின்டயே, எண்ணாம விட்ட கவளத்த நீ எண்ணினயா?”

கபூரின் கண் நிறைந்தது. துடைக்கவில்லை.

“அழுறயா? அழு. அழுகையில கமா எங்க வரும் எண்டு மாஸ்டரக் கேட்டுட்டு அழு.”

“அவர விடுங்க வாப்பா.”

நபீஸா குசினி வாசலில் நின்றாள். கையில் எண்ணெய். சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“நீ போ. மீன் கருகும்.”

“எறக்கி வெச்சிட்டுத்தான் வாறன். அவர என்னத்துக்குக் கேக்குறீங்க? அந்த வசனம் நான் சொன்னது.”

உசனார் அவளைப் பார்த்தார். கபூர், “நபீஸா, வேணாம்,” என்றான்.

“வீட்டில உள்ளத எழுதச் சொன்னாராம் மாஸ்டர். இவர் கோழியையும் கிணத்தையும் எழுதிட்டிருந்தாரு. கமா சரியா விழல்ல. நான் தமிழில சொன்னன், இவர் இங்கிலீசில போட்டாரு. தேங்காயும் தீக்குச்சியும் நான் சொன்னது. இருமல் நான் சொன்னது. பத்தியப் புடுங்குறதும் நான் சொன்னதுதான்.”

“பொய். புருசனுக்காகச் சொல்றாய்.”

“அப்ப உம்மா ஏழு நாள் கிடந்தது இவருக்கு எப்பிடித் தெரியும்? இவர் அப்ப எங்க, நாம எங்க? அந்த ஏழு நாளும் வீட்டில இருந்தது நீங்களும் நானும். அஞ்சாம் நாள் உம்மா டாக்குத்தரக் கேட்டா. ஊசியில என்னத்தக் கலக்குறானோ எண்டீங்க. ஆறாம் நாளும் கேட்டா. கூட்டிட்டு வாறன் எண்டு போய்ப் பள்ளிவாசல் மதிலடியில இருந்திட்டு, டாக்குத்தர் ஊரில இல்ல எண்டு வந்து சொன்னீங்க. நான் ஒங்களுக்குப் பின்னால வந்து பாத்தன் வாப்பா. ஏழாம் நாள் உம்மா ஒண்டும் கேக்கல்ல.”

அவள் குரல் உயரவில்லை. சந்தையில் மீன் என்ன விலை என்று வந்து சொல்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

மதிலடியில் இருந்ததை யாரும் காணவில்லை என்றுதான் உசனார் பதினொரு வருடமாக எண்ணியிருந்தார். கபூரைத் திரும்பிப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் கூனிப்போய் நின்றான், அவள் நிமிர்ந்து நின்றாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“இவன் உனக்குப் பாடமாக்கித் தந்திருக்கான்,” என்றார்.

“என்ட உம்மாவ எனக்கு ஆரு பாடமாக்கித் தாறது?”

உசனார் மடியை அவிழ்த்து நாலு துண்டுத் தாளையும் கொப்பியின் மேல் வைத்தார். தன் பெருவிரல் பதிந்த துண்டை மேலே வைத்தார்.

“இந்தா. இதையும் சொல்லிக் குடு, எழுதட்டும்.”

கபூர் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு பொருத்திப் பார்த்தான். பிறகு வைத்துவிட்டான். “மாமா, ரெண்டாந்தரம் தவறினா மூணாந்தரம் இருக்க விடமாட்டாங்க. நான் தேறிடுவன் மாமா. இந்த முற தேறிடுவன்.”

“தேறு. ஆரு வேணாம் எண்ட? நல்லாக் கமாப் போடு. களஞ்சியத்துத் திறப்ப மட்டும் கேக்காத.”

நபீஸா துண்டுகளைப் பார்த்தாள். அழுவாள் என்று உசனார் எதிர்பார்த்தார். மறுபடியும் சோற்றைத் தள்ளி வைப்பாள், இந்த முறை நாலு நாள் ஆனாலும் இளகுவதில்லை என்று நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டார்.

அவள் புருசன் பக்கம் திரும்பினாள். “சட்டயப் போடுங்க.”

“எங்க போக?”

“விதானையார்ட்ட. வீடு என்ட பேரிலதானே இரிக்கு. வீட்டப் பிணையா வெக்கிறன்.”

உசனார் கதிரையிலிருந்து எழுந்தார். இது அவர் எண்ணாத காரியம். விதானையாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் வேறு பிணை எங்கே என்று கேட்டிருக்கமாட்டார். இந்த ஊரில் பெண்ணுக்கு எழுதின வீட்டைப் பெண்ணின் சொத்து என்று யாரும் நினைப்பதில்லை. தகப்பன் கட்டினது, மாப்பிள்ளை படுப்பது, அவ்வளவுதான். பெண்ணின் பேர் உறுதிக்குள்ளே மடிந்து கிடக்கும். எடுத்து விரித்துப் பார்த்த பெண்ணை அவர் கண்டதில்லை.

“அது நான் கட்டின வீடு.”

“கட்டினதும் நீங்கதான். எழுதினதும் நீங்கதான். நொத்தாரிசு உறுதிய வாசிச்சுக் காட்டக்குள்ள நாலு பேருக்கு முன்னால ஓம் எண்டு விரல் வெச்சதும் நீங்கதான்.”

“ஊர் வழக்கத்துக்கு வெச்ச விரல் அது.”

“அந்த வழக்கம்தான் வாப்பா இது.”

“நாளைக்கு அவன் களஞ்சியத்தில களவெடுத்தா வீடு ஏலத்தில போகும். அப்ப இந்தப் புள்ளயோட எங்க நிப்பாய்? நான் எங்க கிடப்பன்?”

நபீஸா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். “ஒங்கட பத்தி அப்பிடியே இரிக்கும் வாப்பா,” என்றாள். “நீங்க இரிக்கிற மட்டும்.”

கபூர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு சட்டையை எடுக்கப் போனான்.

உசனார் வாசலுக்கு வந்தார். செருப்பு ஒன்று வாசற்படியில் கிடந்தது, மற்றது கோழிக்கூட்டுப் பக்கம் போயிருந்தது. தேடிப் போட்டுக்கொண்டார். மண்முனைத் துறைக்குப் போய்த் தோணி பிடித்தால் பொழுது சாய முந்தி வட்டைக்குப் போய்விடலாம். அங்கே காவலுக்குப் படுக்கிற வாடி இருந்தது. அது இன்னும் அவர் பேரில் இருந்தது.

பின்னால், உள்ளறையில், பெட்டகத்தின் மூடியைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அடியில் மடித்து வைத்த புடவைகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கிறாள். வீட்டு உறுதி அதற்குள்ளே இல்லை. போன நோன்பு தொடங்கின வாரமே, வீட்டில் ஆளில்லாத நேரம், அவர் எடுத்துவிட்டார். யார்மீதும் குறிப்பாகச் சந்தேகம் வந்து எடுக்கவில்லை. எங்கே வைத்தார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். திங்கட்கிழமைக்குள் நொத்தாரிசிடம் வேறு பிரதி எடுக்க ஏலாது என்பதும் தெரியும்.

“இஞ்சதானே இருந்த,” என்று அவள் சொல்வது கேட்டது. “இஞ்சதான் வெச்ச.”

உசனார் படலையைச் சாத்திக்கொண்டு றோட்டில் இறங்கினார். மகள் சொன்னதை அவர் நம்பவில்லை. தன் ரத்தத்தில் பிறந்தவள் அப்படிச் சொல்வாளா? கபூர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான், அவள் ஒப்பித்தாள். மதிலடிக்கு அவள் வந்திருக்கமாட்டாள், யாரோ கண்டவன் பிறகு சொல்லியிருப்பான். பறங்கியும் ஒன்றுக்கு இரண்டாகத்தான் வாசித்திருப்பான். டாக்குத்தர் வந்து ஊசி போட்டிருந்தாலும் பெண்சாதி அந்த எட்டாம் நாள்தான் மௌத்தாகியிருப்பாள், அது தலையில் எழுதின நாள். வெயிலில் தலைத் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, திரும்பிப் பாராமல் துறைப் பக்கம் நடந்தார்.